பறக்கும் படகும் மிதக்கும் படகும்

அமெரிக்காஸ் கப் போட்டியின் ஒளிப்பதிவு ஒன்றை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, இது படகா, பிளேனா?" விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் 2012, 2013 தொடங்கிப் பாய்மரப் பந்தய உலகத்தை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருப்பதும் இதே கேள்விதான். தண்ணீருக்கு மேலே எழும்பி, கீழே கத்தி போன்ற இரண்டு மூன்று சிறகுகள் மட்டும் நீரைத் தொட, மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஒன்றைப் பாய்மரப் படகு என்று சொல்லலாமா? 'இது கலையின் வளர்ச்சி' என்கிறது ஒரு கட்சி. 'கலை செத்துப் போச்சு, மிச்சம் இருப்பது இயந்திரம்' என்கிறது மற்றது. இரண்டு கட்சியோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. குற்றம் இருக்கிறது, ஆனால் குற்றவாளி என்று பிடித்து வைத்திருக்கிற ஆள் வேறு என்பது என் கருத்து. அதைக் காரணங்களோடு சொல்லிப் பார்க்கிறேன்.

வேகத்துக்கு இருந்த வேலி

முதலில் கணக்கு. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் படகும் தன் முன்னால் ஓர் அலையையும் பின்னால் ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே வெட்டிய பள்ளத்துக்குள் தானே மாட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் காற்று எவ்வளவு அடித்தாலும் அலை பெரிதாகுமே தவிர வேகம் பெரிதாக ஏறாது. நீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 49 அடிக்கு 9.4 நாட், 100 அடிக்கு 13.4 நாட். நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் வேகம் 4 நாட்தான் கூடுகிறது. கனமான பழைய பந்தயப் படகுகள் எல்லாம் இந்த வேலிக்குள் நின்றுதான் ஒன்றையொன்று வென்றன.

ஃபாயில் எனப்படும் நீரடிச் சிறகு இந்த வேலியை மேலே தாண்டிவிடுகிறது. விமானத்தின் இறக்கை காற்றில் செய்யும் வேலையை இது நீரில் செய்கிறது. நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு என்பதால் சின்னச் சிறகே போதும். வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். படகின் உடல் நீரை விட்டு எழுந்துவிட்டால் அலையே இல்லை. அலை இல்லாவிட்டால் வேலியும் இல்லை. இத்தாலியின் ஃபோர்லானினி 1906இலேயே மாஜியோரே ஏரியில் இப்படி ஒரு படகை இயந்திரத்தால் எழுப்பிக் காட்டினார். தொலைபேசிப் புகழ் கிரகாம் பெல்லின் குழு கட்டிய எச்.டி.4 என்ற படகு 1919இல் மணிக்கு 70 மைலுக்கு மேல் ஓடியது. பாய் கட்டிய படகில் இதைச் சாதித்தவர்களில் பிரான்சின் 'இட்ரோப்தேர்' குழு முக்கியமானது. 2009இல் அது 50 நாட் வேகத்தைத் தாண்டியது.

அமெரிக்காஸ் கப்புக்குள் ஃபாயில் நுழைந்தது வாசல் வழியாக அல்ல, விதிகளின் இடுக்கு வழியாக. 2013 போட்டிக்கான 72 அடி இரட்டை உடல் படகுகள் பறக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை. நியூசிலாந்து அணி விதியைத் துருவிப் பார்த்து, 2012இல் ஆக்லாந்தில் படகை எழுப்பிவிட்டது. மற்றவர்களும் வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்தார்கள். அன்றிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை.

மரபு என்று எதைச் சொல்கிறோம்?

ஃபாயிலை எதிர்ப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் மரபு. இந்த ஆயுதம் அவ்வளவு கூர்மையானதல்ல. 1851 ஆகஸ்டில் வைட் தீவைச் சுற்றி ஆங்கிலேயர்களை வென்ற 'அமெரிக்கா' என்ற படகின் பெயரால்தான் இந்தக் கோப்பையே இருக்கிறது. அந்தப் படகு அன்றைக்கு மரபுப் படகா? இல்லவே இல்லை. அன்று ஆங்கிலேயர் மதித்த படகு முன்புறம் பருத்துப் பின்புறம் மெலிந்திருக்கும். ஜார்ஜ் ஸ்டீர்ஸ் வடிவமைத்த இந்தப் படகோ முன்புறம் உள்வாங்கிக் கூர்மையாக இருந்தது. அவர்களின் சணல் நார்ப்பாய் தொப்பை போட்டது. இதன் பருத்திப் பாய் தட்டையாக நின்று காற்றைப் பிடித்தது. ஒரு பிரபு அதன் பின்புறத்தை எட்டிப் பார்த்து, அடியில் இயந்திரச் சுழலி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார் என்று இன்றும் கதை சொல்வார்கள். கதையோ உண்மையோ, அந்தச் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

132 ஆண்டுகள் நியூயார்க் படகு மன்றத்தை விட்டு அசையாத கோப்பை 1983இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் ஒரு புதுமையால்தான். 'ஆஸ்திரேலியா 2' படகின் அடிக்கட்டையில், நம் தச்சர்கள் ஏரா என்று சொல்லும் பகுதியில், பென் லெக்ஸன் குழு சிறகு வைத்தது. படகைக் கரையில் தூக்கும்போதெல்லாம் அதைத் துணி கட்டி மறைத்தார்கள். அமெரிக்கர்கள் செல்லாது என்று வாதாடிப் பார்த்தார்கள்; பலிக்கவில்லை. ஆக, வடிவமைப்புப் போட்டி இந்தக் கோப்பையின் பிறவிக் குணம். 'பழசு மாறக்கூடாது' என்று இங்கே சொல்வது, அந்தப் பழசையே சரியாகப் படிக்காதவர் பேச்சு.

இரண்டு பந்தயங்கள்

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. அதைப் பொதுவாகப் பேசாமல் இரண்டு பந்தயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று 1983 செப்டம்பர் 26, நியூபோர்ட். ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது பந்தயம் முடிவு சொல்லும். டென்னிஸ் கானரின் 'லிபர்ட்டி' ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னால் இருக்கிறது. காற்று மெலிந்து தடுமாறுகிறது. காற்றோடு ஓடும் ஐந்தாம் கட்டத்தில் ஜான் பெர்ட்ராண்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி நல்ல காற்றைப் பிடித்துக் கானரைத் தாண்டுகிறார். கடைசிக் கட்டம் காற்றை எதிர்த்து ஏறுவது. பின்தங்கிய கானர் நாற்பது தடவைக்கு மேல் படகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் பெர்ட்ராண்டும் திரும்பி, அவருக்கு வரும் காற்றை மறித்து நிற்கிறார். முடிவில் 41 விநாடி வித்தியாசம். படகுகள் நடக்கிற மாதிரிதான் போகின்றன. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் மனத்தைப் படிக்க முயல்வது பார்ப்பவனுக்குத் தெரிகிறது.

மற்றொன்று 2021 மார்ச் 15, ஆக்லாந்து. இப்போது ஒற்றை உடல் கொண்ட ஏ.சி.75 படகுகள். எட்டாவது பந்தயத்தில் காற்று குறைவு. இத்தாலியின் 'லூனா ரோசா' கலைத்துவிட்ட காற்றில் சிக்கிய நியூசிலாந்துப் படகு சிறகிலிருந்து இறங்கி நீரில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான், முன்னால் போனவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார். பந்தயம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது லூனா ரோசாவும் ஒரு திருப்பத்தில் தொப்பென்று இறங்கியது. அதற்குள் நியூசிலாந்து மறுபடி எழுந்து, ஏறத்தாழ நான்கு நிமிட வித்தியாசத்தில் வென்றது.

பரபரப்பில் இரண்டாவதுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் பரபரப்பின் வகை வேறு. முதலாவதில் பின்தங்கியவனுக்குக் கடைசி நொடி வரை ஆட்டம் இருந்தது. முன்னால் இருப்பவன் அவனைக் கவனித்தே ஆக வேண்டும். இரண்டாவதில் மிதப்பவனுக்கும் பறப்பவனுக்கும் இடையே ஆட்டமே இல்லை. ஒருவன் எழுந்து, ஒருவன் உட்கார்ந்துவிட்டால் இடைவெளி நொடிக்கு நொடி பல மீட்டராக விரிகிறது. பின்னவன் செய்யக்கூடியது, முன்னவன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வது மட்டும். ஃபாயில் படகில் ஒவ்வொரு திருப்பமும் விழும் ஆபத்து உள்ளது. ஆகவே காரணமில்லாமல் யாரும் திருப்ப மாட்டார்கள். நாற்பது திருப்பங்களின் சதுரங்கம் இங்கே பிறக்க வழியில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 1983 பந்தயம் மணிக்கணக்கில் நீண்டது. புரிந்தவனுக்கு அது காவியம், புரியாதவனுக்குத் தூக்கம். 2013இல் ஸ்டான் ஹனி குழுவினர் தொலைக்காட்சித் திரையில் நீரின் மேலேயே கோடுகள் வரைந்து, யார் முன்னால், எல்லை எங்கே என்று காட்டிய பிறகு, படகைக் கண்ணால் பார்த்திராதவனுக்கும் பந்தயம் புரிந்தது. என் அண்ணன் மகன் பழைய ஒளிப்பதிவைப் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. புதியதை முழுவதும் பார்த்தான். இந்த லாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் விமர்சனம் எழுதக் கூடாது.

காற்றுக்குக் காத்திருப்பதிலும் வேறுபாடு உண்டு. 2013 சான் பிரான்சிஸ்கோவில் நியூசிலாந்து 8-1 என முன்னணியில் இருந்தது. இன்னும் ஒரு வெற்றி போதும். பதின்மூன்றாவது பந்தயத்தில் அவர்கள் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது 40 நிமிடக் கால வரம்பு தாண்டியதால் பந்தயம் கைவிடப்பட்டது. பிறகு அமெரிக்காவின் ஆரக்கிள் அணி விடாமல் வென்று 9-8 என்று கோப்பையை வைத்துக்கொண்டது. மெல்லிய காற்றையும் ஒரு காற்றாக மதித்த பழைய பந்தயத்தில் அந்தப் படகு ஊர்ந்தாவது ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

உயிர் பற்றிய வாதத்தையும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். 2013 மே 9 அன்று பயிற்சியில் ஒரு 72 அடிப் படகு கவிழ்ந்து, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆண்ட்ரூ சிம்ப்சன் இறந்தார். பெரிய இழப்பு. ஆனால் 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் பதினைந்து மாலுமிகளும், 1998 சிட்னி-ஹோபார்ட் பந்தயத்தில் ஆறு பேரும் புயலில் மாண்டது மிதக்கும் படகுகளில்தான். கடல் பழைய படகு, புதிய படகு என்று பார்ப்பதில்லை.

யாருடைய உழைப்பு?

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். பாய்மரப் பந்தயத்தின் உலக விதிநூலில் 52ஆம் விதி என்று ஒன்று உண்டு. பாய்மரம், கயிறு, பாய், நகரும் அடிச்சிறகு எல்லாவற்றையும் படகில் உள்ளவர்களின் உடல் வலிமையால் மட்டுமே சரிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். சின்ன விதி; ஆனால் இந்த விளையாட்டின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். காற்று படகை ஓட்டும், மனிதன் பாயை ஆளுவான். மூன்றாவது ஆள் இல்லை என்கிறது அந்த விதி.

அமெரிக்காஸ் கப் இந்த விதியைப் படிப்படியாகத் தளர்த்தியது. 2010 வாலன்சியாவில் மோதிய இரண்டு பெரும் படகுகளிலும் பாயை இழுக்க எஞ்சின் ஓடியது. 1851இல் ஒரு பிரபு தேடியதாகச் சொல்லப்படும் இயந்திரம், 159 ஆண்டு கழித்து நிஜமாகவே படகில் ஏறி உட்கார்ந்தது! 2017 பெர்முடாவில் நியூசிலாந்து அணி கைச்சுழற்சிக்குப் பதில் சைக்கிள் மிதித்து எண்ணெய் அழுத்தம் உண்டாக்கியது. பலர் சிரித்தார்கள், கோப்பை 7-1 என்று அவர்களுக்கே போனது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். கை செய்ததைக் கால் செய்தது; வியர்வை மனிதனுடையதுதான். 2021இல் ஏ.சி.75 படகின் கனமான சிறகுக் கைகளைத் தூக்கி இறக்கும் வேலை பேட்டரிக்குப் போனது. 2024 பார்சிலோனாவில் பாய்க்காக மறுபடி சைக்கிள் மிதித்தார்கள். 2027 நேப்பிள்ஸ் போட்டிக்கு 2025இல் அறிவித்த ஏற்பாட்டில் மிதிப்பவர்களே இல்லை. படகில் ஐந்து பேர், அந்த உழைப்பும் பேட்டரிக்கு.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. காற்று எழுப்பினால் படகு பறக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் கரையில் மின்சாரம் ஏற்றிக்கொண்டு வந்த பெட்டி ஒன்று சிறகையும் பாயையும் அசைத்தால், அந்த வெற்றியில் காற்றுக்கும் மனிதனுக்கும் எவ்வளவு பங்கு, பெட்டிக்கு எவ்வளவு பங்கு? 'படகு ஓடுவது காற்றில்தானே, பேட்டரி கயிறு இழுக்க மட்டும்தானே' என்று பதில் சொல்வார்கள். கயிறு இழுப்பதுதானய்யா மாலுமியின் வேலை! களைத்த கை தாமதமாக இழுப்பதும், களைக்காத கை அதைப் பயன்படுத்திக்கொள்வதும் பந்தயத்தின் ஒரு பகுதி. 1983இல் அத்தனை திருப்பங்களுக்கும் இரண்டு படகிலும் கயிறு இழுத்தவர்களின் தோள்தான் கானரின் ஆயுதம். எதிராளி எப்போதாவது ஒரு முறை சறுக்குவான் என்பதுதான் அவர் நம்பிக்கை. பேட்டரிக்குத் தோள் வலிக்காது.

ஃபாயில் குற்றமற்றது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு: மாத் என்ற சின்னஞ்சிறு படகு வகை. நீளம் 11 அடி, ஆள் ஒருவர். 2000க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் இதற்கு ஃபாயில் வைத்து ஓட்டத் தொடங்கினார்கள். 2005இல் ரோஹன் வீல் ஃபாயில் படகிலேயே உலகப் பட்டம் வென்றார். இதில் கணினி இல்லை, பேட்டரி இல்லை. முன்னால் ஒரு குச்சி நீரைத் தடவிக்கொண்டே வரும். படகு உயர்ந்தால் குச்சி தொங்கும், தாழ்ந்தால் மடங்கும். அந்த அசைவு கம்பி வழியாகப் போய்ச் சிறகின் மடலைத் திருப்பும். மிச்சமெல்லாம் ஓட்டுபவரின் உடல்தான். பறப்பதும் மாலுமித்தனமும் ஒரே படகில் குடியிருக்கலாம் என்று இந்த 11 அடி காட்டிவிட்டது. ஆகவே 'ஃபாயிலா மரபா' என்று பட்டிமன்றம் வைப்பதே தவறு. சேமித்து வைத்த சக்தியை உள்ளே விடலாமா கூடாதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மும்பையில் பிறந்த படகு

பழைய வழி செத்துவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. அது நம் நாட்டோடு சேர்ந்தது. எங்கும் நிற்காமல் தனி ஆளாக உலகை முதலில் சுற்றியவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1969 ஏப்ரலில் 312 நாளில் அவரைக் கரை சேர்த்த 'சுஹைலி' என்ற 32 அடித் தேக்குப் படகு, 1960களில் பம்பாயில் கட்டப்பட்டது. அந்தப் பயணத்தின் நினைவாக 2018இல் மறுபடி தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில், பழைய வடிவப் படகும் அந்தக் காலத்துக் கருவிகளும்தான் அனுமதி. வழி காண்பது சூரியனையும் விண்மீனையும் அளந்து. நம் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018இல் சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா'வில் போய், புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு மீட்கப்பட்டார். அதே மனிதர் 2022இல் மறுபடி கிளம்பி, 2023 ஏப்ரலில் 236 நாள் கடலில் கழித்து இரண்டாவதாக வந்தார். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண்மணிக்கு. ஃபாயில் படகில் சார்லி டாலின் 2025 ஜனவரியில் வாந்தே குளோப் பந்தயத்தை 64 நாளில் முடித்ததும் மகத்தான செயல்தான். 64ஐயும் 236ஐயும் ஒப்பிட்டு எது பெரிது என்று கேட்பவர், கேள்வியைத் தப்பாகக் கேட்கிறார்.

நம்மைப் போன்ற நாட்டுக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பத்துப் பாய்மரப் போட்டிகளில் ஐந்து ஃபாயில், ஐந்து ஃபாயில் இல்லாதவை, சரிபாதி. சென்னையின் நேத்ரா குமணனும், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனும் போட்டியிட்டது ஃபாயில் இல்லாத பாதியில், 1970களில் பிறந்த லேசர் என்ற எளிய படகின் வழிவந்த ஐ.எல்.சி.ஏ. வகையில். எல்லாருக்கும் ஒரே படகு, ஒரே பாய். வாங்கிய பொருளால் அல்ல, பழகிய பழக்கத்தால் ஜெயிக்கலாம். அந்தப் பாதியும் நாளை பறக்கத் தொடங்கினால், பணக்கார நாடுகளின் பட்டறைகளோடு போட்டி போட நம் பிள்ளைகளுக்கு யார் பட்டறை வைத்துத் தருவது?

புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. கடலில் கலம் செலுத்திக் காற்றையே ஏவல் கொண்டவரின் வழிவந்தவனே என்று அவனைப் புகழ்ந்து தொடங்குவார். ஆனால் முடிக்கும்போது, வென்றாய் நீ, சரி. புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே உன்னிடம் தோற்றவன், அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். காற்றை ஆண்டவன் பரம்பரை என்பதும் வெற்றியும் மட்டும் போதாது, எப்படி நின்றாய் என்பதே அளவுகோல் என்று வைத்த அந்தப் பெண்பாற் புலவரின் தராசு, இந்தக் கோப்பைக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒளிப்பதிவு முடிந்ததும் அண்ணன் மகன் விடவில்லை. "சித்தப்பா, நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே?"

"படகுதான்டா," என்றேன். "ஆனா அந்தப் பேட்டரியை மட்டும் கழட்டிக் கரையில வச்சிட்டு வரச் சொல்லு."